சர்வதேச வணிக ஆர்பிட்ரேஷன் தொழில்: வழக்கறிஞர்களும் நடுவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சர்வதேச வணிக ஆர்பிட்ரேஷன் என்பது சுருக்கமாக என்ன?

இரண்டு நாட்டு நிறுவனங்களுக்குள் தகராறு வந்தால், ஒருவர் நாட்டு நீதிமன்றத்துக்குப் போக மற்றவர் தயங்குவார். அதனால் ஒப்பந்தம் போடும்போதே, தகராறை ஒரு நடுவரோ மூன்று நடுவர்களோ விசாரித்துத் தீர்க்கட்டும் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி வரும் தீர்ப்பை 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் அமலாக்கலாம். எந்த நாட்டு நீதிமன்றத் தீர்ப்புக்கும் இவ்வளவு வீச்சு கிடையாது. இந்தத் தொழில் பிழைத்திருப்பதே அதனால்தான்.

என்னென்ன வேலைகள் இருக்கின்றன?

பெரும்பாலோர் நுழைவது கட்சிக்காரருக்காக வாதாடும் சட்ட நிறுவனங்கள் வழியாக. இன்னொரு வாசல், வழக்குகளை நிர்வகிக்கும் அமைப்புகளின் செயலகம்: பாரிஸில் ஐசிசி, லண்டனில் எல்சிஐஏ, சிங்கப்பூரில் எஸ்ஐஏசி, ஹாங்காங்கில் எச்கேஐஏசி, ஸ்டாக்ஹோமில் எஸ்சிசி. அங்கே இரண்டு மூன்று வருடம் இருந்தவருக்கு நூற்றுக்கணக்கான கோப்புகள் கண்ணில் பட்டிருக்கும். எந்த நடுவர் எப்படி வேலை செய்வார் என்பது அத்துப்படியாகிவிடும். சட்ட நிறுவனங்கள் அவர்களைத் தேடி எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

இவை தவிர தீர்ப்பாயச் செயலர் (நடுவர் குழுவுக்கு உதவியாளர்), இழப்பீட்டுத் தொகையையோ கட்டுமானத் தாமதத்தையோ கணக்கிடும் நிபுணர் சாட்சி, வழக்குச் செலவுக்கு வெளியிலிருந்து பணம் போடும் நிதி நிறுவனங்களில் மதிப்பீட்டாளர் என்று பல வேலைகள் உண்டு. நிதி நிறுவனங்கள் பொதுவாக, கிடைக்கக்கூடிய தொகை செலவைப் போல ஏறத்தாழ பத்து மடங்காவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சட்டத்தோடு கணக்கும் தெரிந்தவர்களுக்கு ஏற்ற இடம் அது.

நடுவர் என்பதை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. அதற்கு விண்ணப்பம் போட்டுச் சேர முடியாது. வழக்குக்கு வழக்கு யாராவது உங்களை நியமிக்க வேண்டும்.

நீதிமன்ற வழக்கறிஞரின் அன்றாட வேலையிலிருந்து இது எப்படி மாறுபடுகிறது?

வாய் வேலை குறைவு, தாள் வேலை அதிகம். இரண்டு வருடம் ஓடும் வழக்கில் நேரடி விசாரணை ஒரு வாரமோ இரண்டு வாரமோதான். மீதி நேரமெல்லாம் எழுத்து வாதுரை, சாட்சி வாக்குமூலம், ஆவணக் கோரிக்கை.

இளையவர்களின் கையில் முதலில் வருவது பெரும்பாலும் ரெட்ஃபெர்ன் அட்டவணை. எதிர்த்தரப்பிடம் ஆவணம் கேட்பதற்கான படிவம் அது: கோரிக்கை, அது ஏன் தேவை, எதிர்த்தரப்பின் ஆட்சேபம், அதற்குப் பதில், நடுவர் குழுவின் முடிவு என்று பத்திகள் இருக்கும். "2019 ஜனவரி முதல் டிசம்பர் வரை தரச் சோதனை தொடர்பான அனைத்து ஆவணங்களும்" என்று எழுதினால் ஒரே வரியில் நிராகரிப்பார்கள். "2019 மார்ச் 4 முதல் 18 வரை, இரண்டாவது கம்ப்ரசரின் அதிர்வுச் சோதனை பற்றி ஆலை மேலாளரும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவும் பரிமாறிக்கொண்ட மின்னஞ்சல்கள், சோதனையில் குறையே இல்லை என்று எதிர்வாதுரை 87-ஆம் பத்தி சொல்வதைச் சரிபார்க்கத் தேவை" என்று எழுதினால் கிடைக்க வாய்ப்புண்டு. சர்வதேச வழக்கறிஞர் சங்கமான ஐபிஏவின் சாட்சிய விதிகள் (2020 திருத்தம்) கேட்பது இதைத்தான்: குறுகிய, திட்டவட்டமான கோரிக்கை, வழக்கின் முடிவுக்கு முக்கியமானதாக இருக்க வேண்டும். ஐம்பது கோரிக்கை போட்டு நாற்பத்தைந்தில் தோற்பதைவிட பன்னிரண்டு போட்டு ஒன்பதில் ஜெயிப்பது மேல். நடுவர்கள் அப்போதே உங்களை எடைபோட்டுவிடுவார்கள்.

எல்எல்எம் (சட்ட முதுகலை) படித்தே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் வெளிநாட்டுச் சட்ட நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் பிடிக்க அது பெரிய உதவி. ஜெனீவாவின் மிட்ஸ், ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகம், லண்டன் குயின் மேரி ஆகியவை இந்தத் துறைக்கென்றே பாடத்திட்டம் வைத்திருப்பவை. கட்டணம் கட்டும் முன் ஒன்றை விசாரியுங்கள்: அந்த நகரத்தில் ஆர்பிட்ரேஷன் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றனவா, படிக்கும்போதே அங்கே வேலை பார்க்க விசா இடம்கொடுக்கிறதா? இந்த இரண்டுக்கும் பதில் "இல்லை" என்றால் கையில் மிஞ்சுவது பட்டம் மட்டும்தான். படித்து முடித்த உடனே போவதைவிட, இரண்டு மூன்று வருடம் வழக்காடிவிட்டுப் போனால் பலன் கூடுதல்.

நியூயார்க் அல்லது இங்கிலாந்து வழக்கறிஞர் தகுதி தேவையா?

ஆர்பிட்ரேஷனில் வாதாட பெரும்பாலான நாடுகள் உள்ளூர் உரிமம் கேட்பதில்லை. ஆனாலும் வேலைக்கு எடுப்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றை விரும்புகிறார்கள், ஏனென்றால் சர்வதேச வணிக ஒப்பந்தங்களில் பல இங்கிலாந்துச் சட்டத்தையோ நியூயார்க் சட்டத்தையோ தழுவி எழுதப்படுகின்றன.

நியூயார்க்கில், வெளிநாட்டுச் சட்டப் படிப்பின் காலமும் உள்ளடக்கமும் அமெரிக்கப் படிப்புக்கு இணையா என்று பார்ப்பார்கள். இரண்டில் ஒன்று குறைந்தால் 24 கிரெடிட் கொண்ட எல்எல்எம் அதை ஈடுகட்டும். இரண்டுமே குறைந்தால் ஈடுகட்ட முடியாது. எனவே கல்லூரியில் சேரும் முன்பே முன்மதிப்பீட்டுக்கு அனுப்பிப் பதில் வாங்குங்கள். சேர்ந்த பிறகு கேட்டு ஏமாந்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) ஆக 2021 முதல் எஸ்க்யூஇ தேர்வு. முதல் கட்டத்தில் 180 வீதம் இரண்டு தாள்களில் 360 கேள்விகள், அடுத்த கட்டம் செய்முறைத் தேர்வு. இவற்றோடு இரண்டு வருட வேலை அனுபவம் காட்ட வேண்டும். ஏற்கெனவே வேறு நாட்டில் தகுதி பெற்ற வழக்கறிஞர்களுக்கு இந்த நிபந்தனை பொருந்தாது.

மூட் கோர்ட் (மாணவர்களுக்கான மாதிரி வழக்கு) போட்டிகளால் பயன் உண்டா?

வியன்னாவில் நடக்கும் விஸ் மூட் விஷயத்தில் சந்தேகமே வேண்டாம், உண்டு. 1990-களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. ஹாங்காங்கில் அதன் கிழக்குப் பதிப்பும் இருக்கிறது. அக்டோபரில் வழக்குக் கோப்பு வரும், டிசம்பரில் மனுதாரர் வாதுரை, ஜனவரியில் எதிர்மனுதாரர் வாதுரை, வசந்தத்தில் வாய்மொழிச் சுற்று. சர்வதேசப் பொருள் விற்பனை பற்றிய 1980 வியன்னா உடன்படிக்கையைக் கரைத்துக் குடிக்க வேண்டியிருக்கும். நடுவர் இருக்கையில் அமர்பவர்கள் பலர் உண்மையிலேயே இந்தத் தொழிலில் இருப்பவர்கள். பரிசு வாங்காவிட்டாலும் பரவாயில்லை. பங்கேற்றதைச் சுயவிவரத்தில் பார்த்ததுமே, இந்த ஆளுக்கு வாதுரையை எழுதி முடிக்கத் தெரியும் என்று புரிந்துகொள்வார்கள்.

இன்டர்ன்ஷிப் விண்ணப்பங்கள் எதனால் குப்பைக்குப் போகின்றன?

எல்லா நிறுவனத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவதால். பங்குதாரர் பெயரைத் தப்பாக எழுதுவதால். எழுத்து மாதிரி என்று நாற்பது பக்க ஆய்வுக் கட்டுரையை இணைப்பதால். அண்மையில் வந்த ஒரு தீர்ப்பைப் பற்றி ஐந்து பக்கத்தில் குறிப்பு எழுதி இணைத்தால் போதும்: என்ன கேள்வி, நீதிமன்றம் என்ன சொன்னது, அது ஏன் பலவீனமானது. மொழித் திறனை மிகைப்படுத்த வேண்டாம். "சரளமான பிரெஞ்சு" என்று போட்டவருக்கு முதல் நாளே பிரெஞ்சு ஒப்பந்தம் ஒன்று மேசைக்கு வரும்.

வழக்கின் படிகளில் இளைய வழக்கறிஞர் எங்கே தடுக்கி விழுகிறார்?

ஐசிசியின் 2021 விதிகளை எடுத்துக்கொள்வோம். 5,000 டாலர் பதிவுக் கட்டணத்துடன் கோரிக்கை தாக்கலாகும். அது கையில் கிடைத்த 30 நாளில் எதிர்த்தரப்பு பதில் தர வேண்டும். நடுவர் குழுவிடம் கோப்பு வந்த 30 நாளுக்குள், எதை எதைத் தீர்மானிக்க வேண்டும் என்ற வரம்பு ஆவணம் தயாராக வேண்டும். அதில் கடைசிக் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்தில் தீர்ப்பு என்பது விதி. பெரிய வழக்குகளில் இந்தக் கெடு நீண்டுகொண்டே போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த விதிகளின்படி 2021 ஜனவரி 1 முதல் எழுதிய ஒப்பந்தங்களில் 30 லட்சம் டாலருக்கு மேற்படாத தகராறு தானாகவே விரைவு நடைமுறைக்குப் போய்விடும்.

வரம்பு ஆவணத்தை வெறும் சடங்காக நினைப்பதுதான் முதல் தவறு. அது முடிந்த பிறகு புதிய கோரிக்கை சேர்க்க நடுவர் குழுவின் அனுமதி தேவை. வட்டி கேட்க மறந்திருந்தால் அப்போதுதான் வலிக்கும்.

அடுத்தது காலவரிசை. எந்தத் தேதியில் யார் யாருக்கு என்ன எழுதினார் என்ற பட்டியலை முதல் வாரத்திலேயே தொடங்கி, ஒவ்வொரு வரிக்கும் சான்றாவண எண் போட்டு, கடைசிவரை புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். வாதுரையை எழுதிவிட்டுக் காலவரிசை போடுபவர், தன் கட்சிக்காரரின் சாட்சி சொல்லும் தேதிக்கு முன்பே ஒரு மின்னஞ்சல் இருப்பதை எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணையில்தான் தெரிந்துகொள்வார்.

இன்னொரு எச்சரிக்கை. எதிர்த்தரப்பின் சட்ட ஆலோசனைக் கடிதம் தவறி உங்கள் கைக்கு வந்தால் படிக்காதீர்கள், உடனே மூத்தவரிடம் சொல்லுங்கள். நைஜீரியாவுக்கு எதிராக பி அண்ட் ஐடி நிறுவனம் பெற்ற தீர்ப்பு வட்டியோடு 1,100 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. லண்டன் நீதிமன்றம் 2023-இல் அது மோசடியால் பெறப்பட்டது என்று முடிவுசெய்தது. லஞ்சம், பொய்ச் சாட்சியம் ஆகியவற்றோடு, நைஜீரியாவின் உள் சட்ட ஆவணங்களை முறைகேடாக வைத்திருந்ததும் காரணங்களில் ஒன்று.

குறுக்கு விசாரணை செய்ய எப்போது வாய்ப்புக் கிடைக்கும்?

பெரிய நிறுவனங்களில் பல வருடம் ஆகும். சிறிய சாட்சியிலிருந்து தொடங்குவார்கள். பல விசாரணைகளில் செஸ் கடிகார முறை உண்டு: இரு தரப்புக்கும் சம நேரம் பிரித்துத் தந்து, பேசுபவரின் நேரத்தைக் கழித்துக்கொண்டே வருவார்கள். சாட்சி சுற்றி வளைத்துப் பேசினால் கரைவது உங்கள் நேரம். அதனால் கேள்வி ஒவ்வொன்றும் ஒரே ஓர் உண்மையைத் தொட வேண்டும், ஆவணமும் பக்கமும் முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும்.

தீர்ப்பாயச் செயலராவது நல்ல பாதையா?

மிக நல்ல பாதை. மூன்று நடுவர்கள் ஒரு வழக்கை உள்ளே எப்படி ஆராய்கிறார்கள் என்று பார்க்க வேறு வழி கிடையாது. ஆனால் எல்லை தெரிய வேண்டும். கோப்பு ஒழுங்கு, விசாரணை ஏற்பாடு, வழக்கு வரலாற்றுப் பகுதியின் வரைவு ஆகியவை செயலரின் வேலை. முடிவெடுப்பது நடுவரின் வேலை. வணிக வழக்கல்ல, முதலீட்டு வழக்கு என்றாலும், யூகோஸ் எண்ணெய் நிறுவனத்தின் பங்குதாரர்கள் ரஷ்யாவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு இதற்குப் பாடம்: தீர்ப்பாயத்தின் உதவியாளர் 3,000 மணி நேரத்துக்கு மேல் கணக்குக் காட்டியிருந்தார். அது எந்த நடுவரின் கணக்கைவிடவும் கூடுதல். தீர்ப்பை எழுதியதே அவர்தான் என்று ரஷ்யா நெதர்லாந்து நீதிமன்றங்களில் வாதாடியது. வாதம் ஜெயிக்கவில்லை. ஆனாலும் அதன் பிறகு செயலரின் பணிகளை ஆரம்பத்திலேயே எழுத்தில் வரையறுப்பதில் எல்லோரும் கவனமாகிவிட்டார்கள்.

நடுவராக முதல் நியமனம் எப்படி வரும்?

சான்றிதழால் வராது. நடுவர்களுக்குப் பயிற்சியும் தகுதியும் தரும், 1915-இல் தொடங்கிய சிஐஆர்ப் அமைப்பின் அசோசியேட், மெம்பர், ஃபெலோ படிநிலைகள் படிப்புக்கு நல்லவை, ஃபெலோ தகுதியைப் பல அமைப்புகளின் நடுவர் பட்டியல்கள் மதிக்கின்றன. ஆனால் ஃபெலோ ஆகி, பெயர்ப்பலகை மாட்டி, வழக்கே வராமல் காத்திருப்பவர்கள் ஏராளம்.

முதல் நியமனம் பெரும்பாலும் ஓர் அமைப்பிடமிருந்து வரும், அதுவும் சிறிய தொகைக்கான தனி நடுவர் வழக்காக. அங்கே கோப்பைக் கையாளும் சட்ட அலுவலருக்கு உங்கள் பெயர் நினைவுக்கு வர வேண்டும். அவர் உங்களை வழக்கறிஞராகப் பார்த்திருப்பார்: காலக்கெடுவைக் காப்பாற்றினீர்களா, கடிதத்தில் பண்பாக எழுதினீர்களா, தேவையில்லாமல் சண்டை போட்டீர்களா? அடுத்த நியமனங்கள் பெரும்பாலும் உங்களுக்கு எதிராக வாதாடிய வழக்கறிஞர்களிடமிருந்தே வரும். எதிரில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தவருக்குத்தான் உங்கள் தரம் தெரியும்.

ஐசிசி நிலையான பட்டியல் வைத்திருப்பதில்லை. நாட்டுக் குழுக்களிடம் பரிந்துரை கேட்கும். தனி நடுவரும் தலைவரும் பொதுவாக இரு தரப்பின் நாட்டையும் சேராதவராக இருக்க வேண்டும் என்பதால், வழக்கு அதிகம் வராத நாட்டின் குடியுரிமைகூட சில சமயம் கைகொடுக்கும். சிங்கப்பூரில் மூத்தவர்களுக்கான பட்டியலோடு இளையவர்களுக்கு ரிசர்வ் பட்டியலும் உண்டு. ஹாங்காங்கிலும் இரண்டு அடுக்கு. எத்தனை வயதில் வரும் என்று கேட்டால், நாற்பதுக்கு முன் வந்தால் சீக்கிரம் என்போம்.

நியமிக்கும் முன் ஒரு தரப்பு நேர்காணலுக்கு அழைத்தால் போகலாமா?

போகலாம். நேரம் இருக்கிறதா, அனுபவம் என்ன, நலன் முரண்பாடு உண்டா என்பவை பற்றி மட்டும் பேசலாம். வழக்கின் நியாயம் பற்றிக் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். பேசியதைக் குறிப்பெடுத்து வைப்பது உங்களுக்கே பாதுகாப்பு. தலைமை நடுவராகப் போகிறவரை ஒரு தரப்பு மட்டும் தனியாகச் சந்திப்பது சரியல்ல.

வெளிப்படுத்தல் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

பயமுறுத்துவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் நடுநிலைமையைப் பற்றித் தரப்புகளுக்குச் சந்தேகம் வரக்கூடிய எதையும் நியமனத்துக்கு முன்பும், வழக்கு நடக்கும்போது புதிதாக வந்தால் அப்போதும் சொல்ல வேண்டும். ஐபிஏ வழிகாட்டிக் குறிப்புகள் (2004, பிறகு 2014, 2024 திருத்தங்கள்) நிலைமைகளைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரிக்கின்றன. சிவப்பின் ஒரு பகுதியில் யார் சம்மதித்தாலும் நீங்கள் அமர முடியாது. தரப்பு நிறுவனத்தில் உங்களுக்குக் கணிசமான பங்கு இருப்பது போன்றவை அதில் அடங்கும். ஆரஞ்சு என்றால் சொல்லியாக வேண்டும். மூன்று வருடத்துக்குள் ஒரே தரப்பு இரண்டு முறையோ அதற்கு மேலோ நியமித்திருந்தாலும், ஒரே சட்ட நிறுவனம் மூன்று முறைக்கு மேல் நியமித்திருந்தாலும் ஆரஞ்சு. பச்சையில் உள்ளதைச் சொல்ல வேண்டியதில்லை.

நடைமுறையில் தவறு நடப்பது பட்டியல் தெரியாததால் அல்ல, தேடல் சரியில்லாததால். தரப்பின் பெயரை மட்டும் தேடுவார்கள். தாய் நிறுவனம், துணை நிறுவனங்கள், காப்பீட்டாளர், வழக்குக்கு நிதியளிப்பவர், நிபுணர் சாட்சி, சக நடுவர்கள் எல்லோரையும் தேட வேண்டும். ஐசிசி விதிகள் 2021 முதல், நிதியளிப்பவர் யார் என்பதைத் தரப்புகளே சொல்ல வேண்டும் என்கின்றன. வழக்கின் நடுவில் புதிய வழக்கறிஞர் வருவதால் முரண்பாடு எழுந்தால் அவரை விலக்கவும் நடுவர் குழுவுக்கு அதிகாரம் தந்திருக்கின்றன.

ஹாலிபர்ட்டன் நிறுவனத்துக்கும் சப் என்ற காப்பீட்டு நிறுவனத்துக்கும் நடந்த வழக்கைப் பாருங்கள். மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கிணறு விபத்து தொடர்பான காப்பீட்டுத் தகராறில் அமர்ந்திருந்த தலைமை நடுவர், அதே விபத்திலிருந்து எழுந்த வேறு வழக்குகளிலும் நியமனம் ஏற்றார். அவற்றில் ஒன்று அதே காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து. ஹாலிபர்ட்டனிடம் அதைச் சொல்லவில்லை. 2020-இல் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம், அவர் சொல்லியிருக்க வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சூழலில் பாரபட்சச் சந்தேகம் எழவில்லை என்று அவரை நீக்க மறுத்தது. பதவி தப்பியது என்றாலும், வருடக்கணக்காக மூன்று நீதிமன்றங்களில் தன் பெயர் அடிபடுவதை எந்த நடுவரும் விரும்பமாட்டார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசனை வந்தாலே சொல்லிவிடுங்கள்.

தீர்ப்பு எழுதுவதில் என்ன பிழைகள் வருகின்றன?

கேட்காததைக் கொடுப்பது, கேட்டதை விட்டுவிடுவது, தரப்புகள் வாதாடாத காரணத்தை வைத்து முடிவெடுப்பது. மூன்றுமே தீர்ப்பைக் கவிழ்க்கக்கூடியவை. எழுதத் தொடங்கும் முன் கோரிக்கைகளையெல்லாம் எண்ணிட்டு எழுதிக்கொண்டு, கடைசியில் உத்தரவுப் பகுதியோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பது நல்லது. வட்டி எந்த நாளிலிருந்து, என்ன விகிதம், கூட்டு வட்டியா, எந்த நாணயம் என்பதைத் தெளிவாக எழுதாத தீர்ப்பு அமலாக்கத்தில் தலைவலி. ஐசிசியில் வரைவை அதன் 'நீதிமன்றம்' எனப்படும் மேற்பார்வைக் குழு கையெழுத்துக்கு முன் பரிசீலிக்கும். இப்படிப்பட்ட ஓட்டைகளில் பல அங்கேதான் அடைபடுகின்றன.

பழைய வரைவை வெட்டி ஒட்டும் பழக்கம் இருந்தால் இந்த வழக்கை மறக்காதீர்கள். சிங்கப்பூரைச் சட்டப்படியான இருப்பிடமாகக் (சீட்) கொண்ட ஒரு தீர்ப்பின் 451 பத்திகளில் குறைந்தது 212, அதே தலைமை நடுவர் அமர்ந்திருந்த இணை வழக்குகளின் தீர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. 2024-இல் சிங்கப்பூர் சர்வதேச வணிக நீதிமன்றம் அதை ரத்துசெய்தது, 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. சக நடுவர்கள் இருவரும் அந்த இணை வழக்குகளில் இல்லாதவர்கள். தலைவரின் வரைவைச் சரிபார்க்காமல் கையெழுத்திடும் சக நடுவருக்கும் இது பொருந்தும்.

நடுவருக்கு ஊதியம் எப்படி?

இரண்டு முறைகள். ஐசிசியில் தகராறுத் தொகையை ஒட்டிய அட்டவணைப்படி அந்த அமைப்பே நிர்ணயிக்கும். மூவர் குழுவில் தலைவருக்கு 40 சதவீதம், மற்றவர்களுக்குத் தலா 30 என்பது வழக்கமான பங்கீடு. எல்சிஐஏவில் மணிக்கணக்கு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஐசிசியில் தாமதத்துக்குத் தண்டனையும் இருக்கிறது. மூவர் குழு கடைசி விசாரணை அல்லது வாதுரைக்குப் பிறகு மூன்று மாதத்தில் வரைவு தர வேண்டும்; தக்க காரணமின்றி ஏழு மாதம் வரை தள்ளினால் 5 முதல் 10 சதவீதமும், பத்து மாதம் வரை தள்ளினால் 10 முதல் 20 சதவீதமும் வெட்டு விழும். தொகையின் பெரும்பகுதி வழக்கு முடியும்போதுதான் கைக்கு வரும். சமரசத்தில் பாதியில் முடிந்தால் செய்த வேலைக்கேற்பக் குறையும்.

வழக்கறிஞர் அல்லாதவர் நடுவராகலாமா?

தாராளமாக. கட்டுமானத்தில் பொறியாளர்கள், அளவையாளர்கள் இருக்கிறார்கள். கப்பல் தகராறுகளுக்கான லண்டன் கடல்சார் நடுவர்கள் சங்கத்தில் கப்பல் வணிகத்திலிருந்து வந்தவர்கள் உண்டு. தானிய வணிகத்துக்கான காஃப்டாவில் நடுவர்களே வணிகர்கள்தான். இவர்களுக்குப் பலவீனம் நடைமுறைச் சட்டம். பொருளின் தரம் பார்த்தவுடன் புரிந்துவிடும்; அதற்காக இரு தரப்பையும் கேட்காமல் தன் சொந்த அறிவை வைத்துத் தீர்ப்பெழுதினால் அது நிற்காது.

பெண்களுக்கு வாய்ப்பு எப்படி?

முன்பைவிடக் கூடியிருக்கிறது. 2016-இல் தொடங்கிய சமப் பிரதிநிதித்துவ உறுதிமொழிக்குப் பிறகு அமைப்புகள் செய்யும் நியமனங்களில் மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. தரப்புகள் தாங்களே செய்யும் நியமனங்கள்தான் இன்னும் பின்தங்கியிருக்கின்றன.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா?

ஆவணங்களை வகைப்படுத்த, காலவரிசையின் முதல் வரைவுக்கு, மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். இரகசிய ஆவணத்தைப் பொதுக் கருவியில் ஏற்றுவது இரகசியக் கடமையை மீறுவது. மேற்கோள் காட்டும் ஒவ்வொரு வழக்கையும் மூலத்தில் திறந்து பார்க்க வேண்டும். நடுவர் தன் முடிவை இன்னொருவரிடம் ஒப்படைக்க முடியாது என்பது இயந்திரத்துக்கும் பொருந்தும்.

நிறுவனத்தை விட்டு முழுநேர நடுவராக எப்போது போகலாம்?

பெரிய சட்ட நிறுவனத்தில் இருக்கும்வரை, அதன் ஏதாவது ஒரு கிளைக்குக் கட்சிக்காரராக இருப்பவர் வழக்கில் தரப்பாக வந்தால் நியமனம் கைநழுவும். இப்படித் திருப்பி அனுப்பும் நியமனங்களை ஒரு வருடம் எழுதி வையுங்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்குகளோடு அவற்றைக் கூட்டினால் பிழைப்பு ஓடுமா என்று கணக்கு வரும். பணம் வழக்கு முடியும்போதுதான் வரும் என்பதால், இரண்டு வருடச் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் கிளம்ப வேண்டாம். வெளியேறிய பிறகும் பழைய நிறுவனத்தின் நிழல் சில வருடம் தொடரும். வெளிப்படுத்தல்களில் அதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய நிறுவனத்திடமிருந்து இன்னும் லாபப் பங்கோ ஓய்வூதியமோ வந்துகொண்டிருந்தால், அது எதைப் பொறுத்துக் கூடும், குறையும் என்பதையும் எழுத்தில் தெளிவாக்கிக்கொண்டு புறப்படுங்கள்.